கங்காணி அளக்காத காற்று

குளிர் இறங்கும் மாதங்களில் நாளிதழ்களின் உள்பக்கத்தில் ஒரு செய்தி வரும். ஊரும் பெயரும் வயதும் மாறும், சம்பவம் மாறாது. குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை.

2024 ஆகஸ்டில் கொடைக்கானல் சின்னப்பள்ளத்தில் இப்படித்தான் நடந்தது. திருச்சியிலிருந்து சுற்றுலா போன நண்பர்கள் இரவில் பார்பிக்யூ அடுப்பில் சமைத்தார்கள். பிறகு அந்த அடுப்பு இருந்த அறையில் தூங்கிய இருவர் இறந்துபோனார்கள். வேறு அறையில் படுத்தவர்கள் பிழைத்தார்கள். அடுத்து வந்த குளிர்காலத்தில் ஊட்டி பக்கம் இத்தலாரில் ஒரு குடும்பம் கணப்புக்காக வீட்டுக்குள் கரி மூட்டியது. ஒருவர் இறந்தார், மற்றவர்களை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இவர்கள் மலைக்குப் புதியவர்களும் இல்லை, பிறந்ததிலிருந்து குளிரோடு வாழ்ந்தவர்கள். அதற்கும் முன்பு 2020 ஜனவரியில், நேபாளத்தின் தாமன் என்ற மலையூர் விடுதி ஒன்றில் கேரளத்தைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரே அறையில் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேர் குழந்தைகள். அங்கே எரிந்தது கரி இல்லை, கேஸ் ஹீட்டர்.

இந்தச் செய்திகள் எல்லாமே அநேகமாக ஒரே மாதிரிதான் முடியும்: பொதுமக்களுக்கு விழிப்புணர்வு தேவை. வாசிக்கும் நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். எனக்கு அந்த ஒரு சொல்லிடம்தான் சண்டை. விழிப்பு, உணர்வு. கார்பன் மோனாக்சைடு முதலில் எடுத்துக்கொண்டு போவதே இந்த இரண்டையும்தான்.

*

அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். கரியோ விறகோ எரிவாயுவோ, போதுமான ஆக்சிஜன் கிடைக்காமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணையும் தொண்டையையும் உறுத்தாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் எல்லா சீட்டிலும் துண்டு போட்டுவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி. நுரையீரலில் காற்று இருக்கும், மூச்சு சீராகப் போகும், மூளைக்கு மட்டும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

முதலில் தலைவலி வரும். பிறகு தலைசுற்றல், குமட்டல், கைகால் தளர்ச்சி, மனக்குழப்பம். இதில் எந்த ஒன்றும் 'உன்னைச் சுற்றி விஷம் இருக்கிறது' என்று சொல்லாது. பயணக் களைப்பு, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை, சளி பிடிக்கப்போகிறது என்றுதான் தோன்றும். ஏதோ சரியில்லை என்று உறைக்கும்போது எழுந்து கதவைத் திறக்கக் காலில் வலு இருக்காது. தூக்கத்தில் இருப்பவருக்கோ இந்த முன்னறிவிப்புகூடக் கிடையாது.

இதில் இன்னொரு குரூரம் உண்டு. பச்சை விறகு புகையும், கண் எரியும், இருமல் வரும், ஜன்னலைத் திறப்போம். கரியில் புகை ஏற்கெனவே போயிருக்கும். கனிந்த கங்கு சிவப்பாக, அமைதியாக, அழகாக இருக்கும். 'நெருப்பில்லாமல் புகையுமா' என்று பழமொழி சொல்லி வளர்ந்த நம் தலைமுறைகள் அதைத் திருப்பிப் போட்டும் நம்பிவிட்டன: புகை இல்லையா, அப்படியானால் பயமும் இல்லை. புகை அடங்கட்டும் என்று வெளியே காத்திருந்து, நன்றாகக் கனிந்த பிறகு சட்டியை உள்ளே தூக்கிவருகிற அந்தக் கவனம்தான் ஆளைக் கொல்கிறது. அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

நான் பார்ப்பது மென்பொருள் வேலை. சர்வர்களைக் கண்காணிக்கும் நிரல்கள் எழுதுவது அதில் ஒரு பங்கு. அந்தத் தொழிலில் சேர்ந்த புதிதிலேயே சொல்லித்தரும் ஒரு விதி: ஒரு இயந்திரம் நலமாக இருக்கிறதா என்று பார்க்கும் நிரலை அதே இயந்திரத்தில் மட்டும் ஓட விடாதே. இயந்திரம் படுத்தால் கண்காணிப்பும் சேர்ந்து படுத்துவிடும், எச்சரிக்கை வராது. வெளியே இருப்பவர்கள் அந்த மௌனத்தை 'எல்லாம் சரி' என்று வாசிப்பார்கள். அதனால் வெளியிலிருந்து இன்னொன்று குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை 'இருக்கியா?' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் அதுவே அலாரம்.

மனிதனை அவனுடைய விழிப்புணர்வை மட்டும் நம்பிக் கார்பன் மோனாக்சைடிலிருந்து காப்பாற்றப் பார்ப்பது, இந்த விதியை மீறிய வடிவமைப்பு.

பொய்யான பச்சை விளக்கும் இங்கே உண்டு. கொரோனாவுக்குப் பிறகு நம்மில் பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. கரிப்புகை அறையில் மயங்கியவரின் விரலில் அதை மாட்டினால் 97, 98 என்று காட்டக்கூடும். ஒளியை வைத்துக் கணக்கிடும் அந்தச் சாதாரணக் கருவிக்கு, ஹீமோகுளோபினில் உட்கார்ந்திருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இறந்துகொண்டிருப்பவருக்கு அது நற்சான்று தந்துவிடும். பாடப்புத்தகங்கள் சொல்லும் செர்ரிப்பழச் சிவப்பு நிற அடையாளமும் உயிரோடு இருப்பவரிடம் அரிது, நம்முடைய கறுத்த தோலில் இன்னும் அரிது. உறுதியாகத் தெரிய ரத்தத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் மருத்துவரிடம் இருக்கும் நல்ல கருவி ஒரு கேள்விதான்: 'வீட்டில் எல்லாருக்கும் ஒரே நேரத்திலயா தலைவலி? வெளியே போனா சரியாயிடுதா?'

இந்தப் பிரச்சினையை நூறு வருடத்துக்கு முன்பே நேருக்கு நேர் சந்தித்தவர்கள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள். 1896 ஜனவரியில் வேல்ஸின் டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடிப்பு நடந்து 57 பேர் இறந்தார்கள். உடல்களை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர், பெரும்பாலோரைக் கொன்றது வெடிப்பின் அடி அல்ல, வெடிப்புக்குப் பிறகு பரவிய கார்பன் மோனாக்சைடு என்று காட்டினார். அதற்கு முன்பே அந்த வாயுவைத் தானே சுவாசித்து, தன் புத்தி எப்படித் தடுமாறுகிறது என்று குறிப்பெடுத்திருந்தவர் அவர். சிறு உயிர்களைச் சுரங்கத்துக்குள் எடுத்துப்போகச் சொன்னார். மனிதனைவிட வேகமாக மூச்சுவிடும் கேனரிப் பறவை முதலில் தள்ளாடும், பார்த்தவர்கள் ஓடிவிடலாம். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை அந்தப் பறவைகள் இருந்தன. பறவை மயங்கினால் கதவை மூடி உள்ளே ஆக்சிஜனைத் திறந்துவிட்டுப் பிழைக்கவைக்கும் கூண்டு ஒன்றும் இருந்தது.

ஹால்டேன் சுரங்கத் தொழிலாளரிடம் 'இன்னும் விழிப்பாக இருங்கள்' என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. விழிப்பு தோற்கும் இடம் இது என்று ஒப்புக்கொண்டு, அவர்களுக்காக விழித்திருக்க இன்னொன்றை ஏற்பாடு செய்தார். என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தில் அறம் தொடங்குவது அங்கேதான்.

*

இதை நம் ஊரில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றும் இடம் சேரங்கோடு. நீலகிரி மாவட்டம், பந்தலூர் வட்டம், கேரள எல்லையை ஒட்டிய மலைப்பகுதி. ஊட்டி மாதிரி உறைபனி விழும் உயரம் இல்லை. ஆனால் மழை உண்டு. பக்கத்திலிருக்கும் தேவாலா தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் துணி காயாது, விறகு காயாது, சுவர் காயாது. சமையலுக்கு சிலிண்டர் வந்த வீடுகளிலும் குளிக்க வெந்நீருக்கும் உடம்பின் நடுக்கத்துக்கும் விறகும் கங்கும்தான்.

இங்கே வந்து, 'ஜன்னலைத் திறந்து வையுங்கள்' என்று ஒரு துண்டுப்பிரசுரம் கொடுத்துப் பாருங்கள். லைன் வீட்டு வயதான அம்மா ஒருவர் என்னிடம் சொன்னது: "தொறந்து வெச்சா ஆன கைய உள்ள விடும் தம்பி. அரிசி வாசம் அதுக்கு நல்லா தெரியும்."

அவர் மிகைப்படுத்தவில்லை. 2022 டிசம்பரில் பி.எம்.2 என்று வனத்துறை பெயரிட்ட மக்னா யானையும், 2024 டிசம்பரில் 'புல்லட்' என்று ஊர் பெயர் வைத்த யானையும் இதே பந்தலூர் வட்டாரத்தில்தான் பிடிக்கப்பட்டன. இரண்டும் வீடுகளை உடைத்தவை. 2024 ஜனவரியில் பந்தலூர் மேங்கோ ரேஞ்ச் எஸ்டேட்டில் ஒரு சிறுத்தை மூன்று வயதுக் குழந்தையைக் கொன்றது. ஊர் கொதித்தது, சாலை மறியல் நடந்தது, சிறுத்தை பிடிபட்டது. கூடலூர் வனக்கோட்டத்தில் யானை வருவதை முன்கூட்டியே சொல்ல இப்போது கேமராக்களும் செயற்கை நுண்ணறிவும் வந்திருக்கின்றன. வால்பாறைத் தோட்டங்களில் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் பல ஆண்டுகளுக்கு முன்பே யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகவும், கைபேசியால் எரியவைக்கும் சிவப்பு விளக்காகவும் தொழிலாளர்களுக்குச் சொல்லத் தொடங்கியது. அங்கே யானையால் நிகழும் இறப்புகள் குறைந்தன.

ஆக, கண்காணித்து எச்சரிப்பது இந்த மலைக்குப் புதிய யோசனை இல்லை. யானை எல்லாருக்கும் தெரியும்படி வருகிறது. அதற்கு எதிராக ஒரு ஊரே கூட முடிகிறது, ஒரு துறை பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாதது ஒரு வீட்டுக்குள், ஒரு குடும்பத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது. அதற்காக யார் போய் எந்தச் சாலையை மறிப்பது? இதில் சிக்கல் இன்னொன்றும் இருக்கிறது. அந்த அம்மா ஜன்னலைச் சாத்துவது தெரியாமையால் இல்லை. தெரிந்த ஆபத்தைத் தடுக்கத்தான் சாத்துகிறார். ஒரு ஆபத்துக்கு எதிராக அவர் காட்டும் விழிப்புணர்வு இன்னொரு ஆபத்துக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே மனுஷி ஒரே ஜன்னலை வைத்துத் தீர்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

*

'சரி, அதற்காக? தன் உயிரைத் தான் பார்த்துக்கொள்ள வேண்டாமா? அறைக்குள் அடுப்பைத் தூக்கிவரும்போது அவர்கள் தெளிவாகத்தானே இருந்தார்கள்?' என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆமாம், தூக்கிவரும் அந்த நிமிடத்தில் தெளிவாகத்தான் இருந்தார்கள். தனி மனிதருக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அவர்களைக் குழந்தைகளாக்கிவிடுவோம்.

ஆனால் பழியும் பொறுப்பும் ஒன்றல்ல. பழி பின்னால் திரும்பிப் பார்த்து ஒரே ஆளைத் தேடும். ஆள் கிடைத்ததும் ஓய்ந்துவிடும். இறந்தவரே அந்த ஆள் என்றால் ரொம்ப வசதி, அவர் மறுத்துப் பேச மாட்டார். பொறுப்பு முன்னால் பார்த்து, அடுத்த இரவை யாரால் மாற்ற முடியும் என்று கேட்கும். அதற்குப் பல பெயர்கள் பதிலாக வரும். குளிர்ப் பிரதேசத்தில் அறை வாடகைக்கு விட்டு, அடுப்பும் கரியும் தந்து, சூடாக்க வேறு வழி வைக்காத விடுதிக்காரர் உண்டு. காற்று வெளியேற வழியில்லாமல் குடியிருப்பு கட்டியவர் உண்டு. மாவட்ட நிர்வாகம் உண்டு. விமான விபத்தை ஆராய்பவர்கள் விமானி தப்பு செய்தார் என்பதோடு நிற்பதில்லை, அந்தத் தப்பு சுலபமாக நடக்கும்படி எது இருந்தது என்று தேடுவார்கள். எங்கள் துறையிலும் ஒரு பெரிய கோளாறுக்குப் பிறகு நல்ல அணிகள் அப்படித்தான் உட்கார்ந்து பேசும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி.யிலிருந்து வந்த குழு அந்த வண்டியின் ஜெனரேட்டரை மறுபடி ஓடவிட்டு, உள்ளே சேரும் வாயுவை அளந்தது. ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் வந்த வழி தெரிந்தது. அளந்ததால்தான் அந்த இரண்டு மரணங்கள் அடுத்தவருக்குப் பயன்படும் அறிவாக மாறின. அளக்காத மரணம் வெறும் துக்கமாக மட்டும் நின்றுவிடும்.

எண்ணிக்கையும் அதே மாதிரிதான். அமெரிக்காவில், தீ விபத்தையும் தற்கொலையையும் சேர்க்காமல், ஆண்டுக்கு 400க்கும் மேற்பட்டோர் இந்த வாயுவால் இறக்கிறார்கள் என்றும், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார்கள் என்றும் அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. ஒரு மரணத்துக்குப் பின்னால் சுமார் 250 பேர் தலைவலியோடும் மயக்கத்தோடும் நிற்கிறார்கள். செய்தியாக வரும் ஒரு இரவுக்குப் பின்னால் செய்தியாகாத எத்தனை காலைகளின் தலைபாரம் இருக்கும் என்பதற்கு இது ஒரு குறிப்பு.

*

கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டாலே நம் தலைமுறைக்கு ஒரு கூச்சம் வரும். வர வேண்டியதுதான். கேமரா, ஆதார், ஆபீஸ் லேப்டாப்பில் மௌஸ் அசைகிறதா என்று பார்க்கும் மென்பொருள் என்று எல்லாம் பார்த்துவிட்டோம். தேயிலைத் தோட்டத்துக்கு அந்தக் கூச்சத்துக்குக் காரணம் இன்னும் பழையது. கண்காணி என்ற சொல்தான் கங்காணி ஆயிற்று. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழர்களைக் கூட்டிப்போனவர், அங்கே மேய்த்தவர் கங்காணி. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து திரும்பியவர்களுக்கு வேலை தர 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ ஆனது. அதன் கோட்டங்களில் ஒன்று சேரங்கோடு. ஆக இங்கே பல குடும்பங்களுக்குக் கண்காணிப்பு என்பது தாத்தா காலத்து அனுபவம். எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தாள், எத்தனை கிலோ கொழுந்து பறித்தாள் என்று தோட்டம் அளந்தது. அவள் தூங்கும் அறையின் காற்றை எந்தக் கங்காணியும் அளக்கவில்லை.

தமிழில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. பார்ப்பது வேறு, பார்த்துக்கொள்வது வேறு. 'பிள்ளைய பாத்துக்கோ' என்றால் உற்றுப் பார்த்துக்கொண்டே இரு என்று அர்த்தம் இல்லை, அது உன் பொறுப்பு என்று அர்த்தம். கொழுந்தை எடைபோடுவது பார்ப்பது. காற்றை அளப்பது பார்த்துக்கொள்வதாக இருக்க முடியும். எப்போதும் அப்படி இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை. நான் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்ப்பேன். அந்த அளவீடு முதலில் யார் காதுக்குப் போகிறது? கார்பன் மோனாக்சைடு அலாரம் தூங்குபவரின் தலைமாட்டில்தான் முதலில் அலற வேண்டும், எங்கோ ஒரு அதிகாரியின் திரையில் அல்ல. அடுத்தது, அந்த எண் யாரைக் கட்டுப்படுத்துகிறது? 'நீ ஏன் அடுப்பு மூட்டினாய்' என்று குடியிருப்பவரை மிரட்டப் பயன்பட்டால் அது பழைய கங்காணி. 'இந்த வீட்டுக்குப் புகைபோக்கி ஏன் இல்லை' என்று கட்டியவரைக் கேட்கப் பயன்பட்டால் அது காவல்.

சட்டம் இந்த வித்தியாசத்தை ஒரு இடத்தில் ஏற்கெனவே புரிந்துவைத்திருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். அவர் தந்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால், அது முழுக்கக் குடியிருப்பவரின் தவறோ இயற்கைச் சீற்றமோ இல்லாத பட்சத்தில், முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று 1981 திருத்தம் சேர்த்தது. 2020இல் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டது. சுவர் விழுந்தால் பொறுப்பு உண்டு. அதே நான்கு சுவருக்குள் காற்று விழுந்தால்? வெளிக்காற்றில் கார்பன் மோனாக்சைடு 8 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று 2009இல் இந்தியா தரம் வகுத்தது. மனுஷன் தூங்குவது வெளிக்காற்றில் இல்லையே.

இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், கேஸ் அடுப்பு தவிர எரிபொருளில் இயங்கும் சாதனம் உள்ள வாடகை வீட்டு அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. அந்த அலாரங்களுக்கான ஐரோப்பியத் தரம் எனக்குப் பிடித்த ஒரு வடிவமைப்பு. காற்றில் வாயு 50 பிபிஎம் என்றால் 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஒலிக்கும், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 என்றால் 3 நிமிடத்துக்குள். ரத்தத்தில் விஷம் ஏறும் வேகத்தைக் கருவி தன் கணக்கில் பின்தொடர்கிறது. அறையில் தன்னால் உணர முடியாமல் கிடக்கும் ஒருவருக்குப் பதிலாக அது உணர்கிறது.

சேரங்கோட்டின் ஒவ்வொரு வீட்டிலும் நாளையே அலாரம் மாட்ட வேண்டும் என்று சொன்னால் அது பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பேசும் பேச்சு. விலை இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, விறகடுப்பின் முன்னால் தினமும் கத்தினால் கழற்றி வைத்துவிடுவார்கள். விடுதிகளில் தொடங்கலாம். காசு வாங்கிக்கொண்டு அந்நியரைத் தூங்கவைக்கும் இடம் அது. உரிமத்தோடு இந்த அலாரத்தைக் கட்டாயமாக்குவதில் யாருக்கும் பெரிய கஷ்டம் இல்லை. லைன் வீடுகளுக்கு முதலில் தேவை, யானையின் துதிக்கை நுழையாத உயரத்தில், சாத்த முடியாத ஒரு காற்றுவழியும் ஒரு புகைபோக்கியும். கொத்தனார் வேலைதான் அது, மென்பொருள் தேவையில்லை.

அளப்பதற்கு ஆட்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். புகைபிடிப்பதை நிறுத்த வருபவர்களிடம் மருத்துவமனைகளில் பயன்படும் சிறு கருவி ஒன்று உண்டு. ஊதினால் மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு என்று காட்டும். மழைக்காலத்தில் அந்தப் பையில் இந்தக் கருவியும் ஒன்று இருந்தால், கூடவே அந்தத் தலைவலிக் கேள்வியும் இருந்தால், இந்த மலைக்கு ஒரு கணக்கு கிடைத்துவிடும். கர்ப்பிணிகளிடம் முதலில் போக வேண்டும், வயிற்றுக் குழந்தைக்கு இந்த வாயு தாயைவிட அதிகம் கெடுதல்.

சமவெளியில் உட்கார்ந்து இதை வாசிக்கும் உங்களிடமும் ஒரு வார்த்தை. குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டிய பழைய வாடகை வீட்டில் இருந்தால், அதை வெளியே மாற்றச் சொல்லி வீட்டு ஓனரிடம் இந்த வாரமே கேளுங்கள். அந்த மூடிய சின்ன அறையில் மயங்கி விழுந்தவர்களை இந்திய மருத்துவ இதழ்கள் நிறையவே பதிவு செய்திருக்கின்றன. 'இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே' என்று அவர் சொல்லலாம். ஒன்றும் ஆகவில்லை என்பதை இதுவரை யாரும் அளந்து பார்க்கவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.